காரணக் குறிப்பு இல்லாத பவுன்ஸ்

இணையதளத்தின் பவுன்ஸ் விகிதம் திடீரென மாறும்போது சரிபார்க்கும் முறை

வங்கியோடு பழகுவோருக்கு ‘பவுன்ஸ்’ என்ற சொல் புதிதன்று. காசோலை பணமாகாமல் திரும்பி வருவதை மக்கள் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். அவ்வாறு திரும்பும் காசோலையுடன் வங்கி ஒரு ரிட்டர்ன் மெமோவையும் இணைத்து அனுப்புகிறது. கணக்கில் போதிய இருப்பு இல்லை, கையொப்பம் மாறுபடுகிறது, காசோலை காலாவதியாகிவிட்டது என ஏதேனும் ஒரு காரணம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அடுத்த நடவடிக்கை அந்தக் காரணத்தைப் பொறுத்தே அமைகிறது. கையொப்பம் மாறுபட்ட காசோலைக்காகக் கணக்கில் மேலும் பணம் செலுத்துவதால் யாதொரு பயனும் இல்லை.

சொந்த இணையதளம் வைத்து வணிகம் செய்யும் நம் வாடிக்கையாளர்கள் இன்று வேறொரு பவுன்ஸையும் சந்திக்கிறார்கள். தளத்திற்கு வந்தவர்களில் எத்தனை பேர் ஒன்றும் செய்யாமல் திரும்பினார்கள் என்பதைக் காட்டும் விகிதம் அது. இதனுடன் ரிட்டர்ன் மெமோ எதுவும் வருவதில்லை. ‘55 விழுக்காடு’ என்று ஓர் எண் மட்டும் திரையில் தோன்றும். காரணத்தை நாமே தேடி எழுதிக்கொள்ள வேண்டும். அதைத் தேடும் முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு கடன் விண்ணப்பம்

மும்பையில் தாராவியை அடுத்த கிளை ஒன்றில் நான் கடன் பிரிவைக் கவனித்துவந்தபோது, தோல் பைகள் தயாரித்து இணையம் வழியாக விற்கும் ஓர் அம்மையார் முத்ரா திட்டத்தின் ‘கிஷோர்’ பிரிவில் ₹4 லட்சம் கேட்டு விண்ணப்பித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறைகளாகத் தோல் தொழிலில் இருக்கும் குடும்பம் அவர்களுடையது. தவணை தவறியதில்லை. கடனின் நோக்கம் என்ற இடத்தில் ‘இணையதளத்தைப் புதிதாக அமைத்தல்’ என்று எழுதியிருந்தார்.

“தளம் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்றுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது சார். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விடுகிறார்களாம். பவுன்ஸ் 19 ஆக இருந்தது, இப்போது 55 ஆகிவிட்டது. முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும் என்று தளத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் சொல்கிறார்கள்” என்றார்.

எண்ணைக் கேட்டதும் எனக்கும் அச்சமே உண்டாயிற்று. கடனைப் பரிந்துரைக்கும் குறிப்பை எழுதத் தொடங்கியும்விட்டேன். திருப்பிச் செலுத்தும் திறனைக் கணக்கிடுவதற்காக விற்பனைப் புள்ளிகளை எடுத்துப் பார்த்தபோதுதான் பேனா நின்றது. பவுன்ஸ் விகிதம் ஏறிய அதே வாரங்களில் விற்பனை சிறிதும் குறையவில்லை. கடையிலிருந்து மும்மடங்கு மக்கள் வெறுங்கையோடு திரும்பினால் கல்லாவில் அது தெரியாமல் இருக்குமா?

வணிகவியல் பட்டதாரியான எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இருப்பாய்வின் இரு பக்கங்களும் ஒத்துவராதபோது என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். எடுத்த எடுப்பில் காசாளரைச் சந்தேகிக்கலாகாது. முதலில் கூட்டல் சரியா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பேரேட்டிலிருந்து எடுத்தெழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். அதன் பின்னரே நடவடிக்கைகளை ஆராய வேண்டும். அதே வரிசை இங்கும் பொருந்தும் என்று தோன்றியது. அம்மையாரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

பவுன்ஸ் விகிதம் என்பது யாது?

தளத்தைப் பார்வையிட ஒருவர் வந்து, உலவி, நீங்கும் வரையுள்ள காலம் ஒரு ‘வருகை’ எனப்படும். கூகுள் அனலிடிக்ஸில், வழக்கமான அமைப்பின்படி 30 நிமிடம் எச்செயலும் இல்லையெனில் வருகை முடிந்ததாகக் கொள்ளப்படும். மொத்த வருகைகளில் பவுன்ஸ் ஆனவை நூற்றுக்கு எத்தனை என்பதே பவுன்ஸ் விகிதம்.

ஆனால், எது பவுன்ஸ் என்பதற்கான இலக்கணம் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. யுனிவர்சல் அனலிடிக்ஸ் என்ற பழைய பதிப்பில், ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்து, வேறு எச்செயலும் பதிவாகாமல் முடிந்த வருகை பவுன்ஸ் ஆகும். ஒருவர் அந்த ஒரு பக்கத்தை இருபது நிமிடம் ஊன்றிப் படித்திருந்தாலும் அது பவுன்ஸ்தான். அந்தப் பதிப்பின் வழக்கமான சேவை 2023 ஜூலை 1 முதல் புதிய தரவுகளை ஏற்பதை நிறுத்தியது. இப்போது நடைமுறையில் உள்ள ஜிஏ4 பதிப்பில் ‘ஈடுபாடுள்ள வருகை’ என்ற கருத்து அடிப்படையாக உள்ளது. பின்வரும் மூன்றில் ஒன்று நிறைவேறினாலே ஒரு வருகை ஈடுபாடுள்ளதாகும்:

1. வருகை 10 நொடிக்கு மேல் நீடித்திருக்க வேண்டும்.
2. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பக்கங்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.
3. உரிமையாளர் ‘முக்கிய நிகழ்வு’ என்று அறிவித்த செயல் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் நிறைவேறாத வருகையே இன்றைய பவுன்ஸ். ஆகவே 2022ஆம் ஆண்டின் பழைய அறிக்கையில் உள்ள விகிதத்தையும் இன்றைய விகிதத்தையும் அருகருகே வைத்து ‘முன்னேற்றம்’ என்றோ ‘சரிவு’ என்றோ முடிவு கட்டுதல் கூடாது. அது படியால் அளந்த நெல்லையும் மரக்காலால் அளந்த நெல்லையும் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுவதற்குச் சமம்.

மாற்றத்துக்கு மூன்று வாயில்கள்

பவுன்ஸ் விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் காரணம் மூன்று வாயில்களுள் ஒன்றன் வழியாகவே வந்திருக்கும். ஒன்று, எண்ணும் முறை மாறியிருக்கும். இரண்டு, தளத்திற்கு வருவோரின் கலவை மாறியிருக்கும். மூன்று, தளமே மாறியிருக்கும் அல்லது பழுதுபட்டிருக்கும். இவற்றை இதே வரிசையில் ஆராய வேண்டும். முதல் இரண்டைச் சோதிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. பெருஞ்செலவு வருவது மூன்றாவதில்தான். செலவு வைக்கும் காரணத்தை முதலில் நம்பி, செலவில்லாத சோதனையைப் பிறகு செய்வது பலரும் செய்யும் பிழை.

முதற்படி: மாறிய நாளைக் கண்டறிதல்

மாதவாரி அறிக்கையை ஒதுக்கிவைத்து, நாள்வாரி வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மாற்றத்தின் வடிவமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். ஒரே நாளில் படிக்கட்டுப் போல ஏறி, அதன்பின் சமமாக நின்றால், அன்று யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பல வாரங்களாகச் சரிவுப் பாதை போலச் சிறுகச் சிறுக ஏறினால், வாடிக்கையாளரின் போக்கோ தளத்தின் வேகமோ மெல்ல மாறிவருகிறது. இரண்டு நாள் மட்டும் ஏறித் தானே இறங்கினால், ஒரு விளம்பரமோ, பகிரப்பட்ட செய்தியோ, இயந்திர வருகையோ காரணமாகலாம்.

இப்படியில் மூன்று எச்சரிக்கைகள் தேவை. முதலாவதாக, இன்றைய, நேற்றைய எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஜிஏ4 தரவுகள் முழுமையடைய 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகக்கூடும். இரண்டாவதாக, வருகையின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 பேர் மட்டுமே வரும் தளத்தில் கூடுதலாக 3 பேர் திரும்பினாலே விகிதம் 15 புள்ளிகள் ஏறிவிடும். அத்தகைய தளத்தில் குறைந்தது நான்கு வாரங்களைச் சேர்த்துப் பார்ப்பதே முறை. மூன்றாவதாக, பண்டிகைக் காலத்தைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடும்போது பண்டிகை நாளையும் பார்க்க வேண்டும். 2023இல் தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது. 2025இல் அக்டோபர் 20 அன்றே வந்துவிட்டது. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டவர்கள் பண்டிகைச் சந்தையைச் சாதாரணச் சந்தையோடு ஒப்பிட்டவர்களாவார்கள்.

நாள் கிடைத்ததும், ‘அன்று அல்லது அதற்கு முதல் நாள் தளத்தில் என்ன செய்யப்பட்டது?’ என்ற கேள்வியைத் தளத்தைப் பராமரிப்போரிடமும், விளம்பரம் பார்ப்போரிடமும், பண வசூல் வசதியை இணைத்துத் தந்தோரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். இதற்குப் பேருதவியாவது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். வணிகத்தில் குறிப்பேடு எழுதுவதுபோல, தளத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டு ஒரு வரி எழுதிவைப்பவர்களுக்கு இப்படி ஐந்து நிமிட வேலை.

இரண்டாம் படி: எண்ணும் முறை மாறியதா?

பார்வையாளரைக் கணக்கெடுப்பதற்காகத் தளத்தின் பக்கங்களில் ஒரு சிறு நிரல் பதிக்கப்படுகிறது. இதனை ‘டேக்’ என்பர். வாயிலில் நின்று உள்ளே வருவோரை எண்ணும் காவலர் என்று அதைக் கருதலாம். காவலர் பிழையாக எண்ணினால் கடையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எண் மாறிவிடும். அவ்வாறு நேரும் வழிகளுள் முக்கியமானவை வருமாறு.

டேக் இருமுறை பதிந்திருத்தல்: தளத்தின் அமைப்பில் ஒன்றும், டேக் மேனேஜர் வழியாக மற்றொன்றும் இருந்தால், ஒரே பக்கத்தைப் பார்த்தவர் இரு பக்கம் பார்த்தவராகப் பதிவாவார். மேற்சொன்ன இரண்டாம் நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும். பவுன்ஸ் விகிதம் பாதாளத்துக்கு இறங்கும். 2, 3 விழுக்காடு என்று காட்டும் தளத்தின் உரிமையாளர் மகிழ்வதற்கு முன் இதைச் சோதித்தல் நலம். கல்லாவில் பணம் கூடுதலாக இருப்பதும் குறைவாக இருப்பதைப் போலவே ஒரு பிழைதான் என்பது எந்தக் காசாளருக்கும் தெரியும்.

உட்பக்கங்களில் டேக் விடுபடுதல்: தளத்தின் வடிவத்தை மாற்றும்போது முகப்பில் மட்டும் டேக் இருந்து, பொருள் பக்கங்களில் அது விடுபட்டுப்போகலாம். அப்போது உள்ளே சென்று பல பக்கங்களைப் பார்த்தவரும் முகப்போடு திரும்பியவராகக் கணக்கிடப்படுவார். விகிதம் காரணமின்றி உயரும்.

முக்கிய நிகழ்வின் பட்டியல் மாறுதல்: பக்கத்தைக் கீழே உருட்டுதல் போன்ற எளிய செயலை யாரேனும் முக்கிய நிகழ்வாக அறிவித்துவிட்டால், வந்தவரில் பெரும்பாலோர் ஈடுபாடுள்ளோர் ஆகிவிடுவார்கள். பத்து நொடி என்ற வரம்பையும் தளத்தின் நிர்வாகி 60 நொடி வரை உயர்த்த இயலும். வரம்பு உயர்ந்தால் பவுன்ஸும் உயரும்.

ஒப்புதல் பலகை: ‘குக்கீகளை ஏற்கிறீர்களா?’ என்று கேட்கும் பலகையைப் புதிதாக வைக்கும்போது, ஒப்புதல் தந்தவரை மட்டுமே எண்ணும்படி அமைத்திருந்தால், வந்த வேகத்தில் திரும்புவோர் கணக்கிலேயே வரமாட்டார்கள். விகிதம் இறங்கும், மொத்த வருகையும் இறங்கும். இரண்டும் ஒரே நாளில் இறங்கியிருந்தால் பலகையையே முதலில் நினைக்க வேண்டும்.

இயந்திர வருகைகள்: அறியப்பட்ட பாட்களை ஜிஏ4 தானாகவே விலக்கிவிடுகிறது. அறியப்படாதவை நுழையக்கூடும். நாம் பொருள் அனுப்பாத ஏதோ ஒரு நகரத்திலிருந்து, நள்ளிரவில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வருகை, எல்லாம் ஓரிரு நொடி என்று காணப்பட்டால் அது மனிதர் வந்ததற்கு அடையாளமன்று.

இவற்றைச் சோதிக்க நிபுணர் வர வேண்டியதில்லை. அனலிடிக்ஸின் நிகழ்நேர அறிக்கையைக் கணினியில் திறந்துவைத்துக்கொண்டு, வேறு வருகை இல்லாத நேரத்தில், தங்கள் கைப்பேசியில் தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கப் பார்வை ஒன்று பதிவானால் சரி. இரண்டு பதிவானால் டேக் இரட்டித்திருக்கிறது. ஒன்றுமே பதிவாகாவிட்டால் டேக் விடுபட்டிருக்கிறது. முகப்பு, பொருள், கட்டணம் ஆகிய மூவகைப் பக்கங்களிலும் இதைச் செய்ய வேண்டும். கூகுளின் டேக் அசிஸ்டன்ட் என்ற இலவசக் கருவியும் இதையே இன்னும் விரிவாகக் காட்டும்.

மூன்றாம் படி: வருவோரின் கலவை மாறியதா?

எண்ணும் முறை சரியென்று உறுதியானபின், வந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு காண்போம்.

ஒரு தளத்திற்குச் சென்ற மாதம் 1,000 வருகைகள் எனக் கொள்வோம். அவற்றுள் 800 தேடல் வழியாக வந்தவை. பவுன்ஸ் 40 விழுக்காடு, அதாவது 320. மீதி 200 சமூக ஊடகம் வழியாக வந்தவை. பவுன்ஸ் 80 விழுக்காடு, அதாவது 160. மொத்தம் 480. விகிதம் 48 விழுக்காடு.

இம்மாதம் உரிமையாளர் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்தார். தேடல் வழி வருகை அதே 800, அதே 40 விழுக்காடு. சமூக ஊடக வருகை 1,200 ஆயிற்று, பவுன்ஸ் அதே 80 விழுக்காடு, அதாவது 960. மொத்தம் 2,000 வருகைக்கு 1,280 பவுன்ஸ். விகிதம் 64 விழுக்காடு.

எந்தப் பிரிவிலும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆயினும் மொத்த விகிதம் 16 புள்ளிகள் ஏறிவிட்டது. வங்கியிலும் இதைக் கண்டிருக்கிறோம். 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் தொடங்கியபின், குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்குகள் கிளைகளில் ஏராளமாகத் திறக்கப்பட்டன. அவ்வாறு புதுக் கணக்குகள் பெருகும்போது, பழைய வாடிக்கையாளர் ஒருவர்கூடப் பணத்தை எடுக்காமலேயே ஒரு கணக்குக்கான சராசரி இருப்பு இறங்கும். அதைப் பார்த்து ‘வைப்புத்தொகை வெளியேறுகிறது’ என்று எந்தக் கிளை மேலாளரும் அறிக்கை அனுப்பமாட்டார்.

ஆகவே மொத்த விகிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் அதற்குப் பொருள் கூற இயலாது. நான்கு வகையாகப் பிரிக்கலாம்: எந்த வழியாக வந்தார், எந்தப் பக்கத்தில் நுழைந்தார், கைப்பேசியா கணினியா, எந்த ஊர். நான்கிலும் எல்லாப் பிரிவுகளும் சமமாக மாறியிருந்தால் பெரும்பாலும் எண்ணும் முறையில் கோளாறு இருக்கும். இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். பிரிவுகள் மாறாமல் அவற்றின் பங்கு மட்டும் மாறியிருந்தால் அது கலவை மாற்றம். ஒரே ஒரு பிரிவு மட்டும் மாறியிருந்தால், குறை அங்கேதான் இருக்கிறது. அடுத்த படி அதற்குரியது.

நான்காம் படி: தளத்தில் குறை உண்டா?

இப்போதுதான் தளத்தின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். அப்போதும் ‘தளம் முழுவதும்’ என்று பொதுவாகச் சொல்லாமல், மாறிய பிரிவின் பக்கத்தை, மாறிய பிரிவினர் பயன்படுத்தும் கருவியிலேயே திறந்து பார்க்க வேண்டும். அலுவலகத்தின் வேகமான இணைப்பில், பெரிய திரையில் பார்ப்பவருக்கு, ரயிலில் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்ப்பவரின் சிரமம் தெரிய வராது.

வேகம்: பக்கத்தின் முக்கியப் பகுதி திரையில் தோன்ற எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவி கட்டணமின்றிக் காட்டுகிறது. 2.5 நொடிக்குள் தோன்றினால் நன்று என்பதும், 4 நொடியைக் கடந்தால் மோசம் என்பதும் அங்குக் கொள்ளப்படும் அளவுகோல்.

வாக்குறுதி: விளம்பரத்தில் காட்டிய பொருளும் விலையும் நுழைவுப் பக்கத்திலும் அப்படியே உள்ளனவா? விற்றுத் தீர்ந்த பொருளின் பக்கத்திற்கே விளம்பரம் இன்னும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறதா? விளம்பரத் தொகை கரைந்துபோகும் வழிகளில் இது முதன்மையானது.

தடை: உள்ளே நுழைந்தவுடன் திரையை மறைக்கும் சலுகை அறிவிப்பு, கைப்பேசியில் மூட முடியாத பெட்டி, எழுத்தின் மேல் ஏறி நிற்கும் உரையாடல் பொத்தான் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

ஒன்றை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. சில பெரும் பழுதுகள் பவுன்ஸ் விகிதத்தில் தெரிவதே இல்லை. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால் உலாவி எச்சரிக்கை காட்டிப் பக்கத்தையே திறக்கவிடாது. பக்கம் திறக்காதபோது டேக்கும் இயங்காது. திரும்பியவர் கணக்கில் வரமாட்டார். அப்போது வருகை எண்ணிக்கைதான் விழும். கதவு பூட்டியிருக்கும் கடைக்கு வெளியே நின்று திரும்பியவரை உள்ளே இருக்கும் காவலர் எப்படி எண்ணுவார்? எனவே விகிதத்தை ஒருபோதும் தனியே பார்க்காமல், மொத்த வருகையையும் விற்பனையையும் அருகில் வைத்தே பார்க்க வேண்டும்.

தாராவியில் கண்டது

அம்மையாரும் நானும், அவருடைய தம்பி மகனைக் கணினிக்கு முன் அமரவைத்து, இவ்வரிசையில் இறங்கினோம். நாள்வாரி வரைபடம் படிக்கட்டாகவே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வரை 19. வியாழன் முதல் 55. நுழைவுப் பக்க வாரியாகப் பிரித்ததும் செய்தி தெளிவாயிற்று. முகப்புப் பக்கத்தின் விகிதம் முன்னும் பின்னும் 46. பொருள் பக்கங்களில் மட்டும் 2, 3 என்று இருந்தது 61 ஆகியிருந்தது.

புதன்கிழமை என்ன செய்தீர்கள் என்று தளத்தைப் பராமரிப்போரிடம் கேட்டபோது, ‘பழைய நிரல்களைச் சுத்தம் செய்தோம்’ என்ற விடை வந்தது. பொருள் பக்கங்களில் நெடுநாளாக இரண்டு டேக்குகள் இருந்திருக்கின்றன. ஒன்றை அகற்றியிருக்கிறார்கள். அதாவது, புதிய எண் பழுதானது அன்று. பழைய எண்தான் பழுதானது. அந்தத் தளத்தின் பவுன்ஸ் 19 ஆக ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத பொற்காலத்தை மீட்பதற்காக ₹4 லட்சம் கடன் வாங்கவிருந்தார் அம்மையார். பரிந்துரைக்கவிருந்தேன் நான். ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டி, மூன்றாண்டு என்று வைத்துக்கொண்டாலும் மாதந்தோறும் ஏறத்தாழ ₹13,100 தவணை. வட்டி மட்டும் ₹71,000க்கு மேல்.

அத்தோடு நிறுத்தவில்லை. மெய்யான எண் கிடைத்துவிட்டதால் அதையும் பிரித்துப் பார்த்தோம். பொருள் பக்கங்களில் கணினி வழி வந்தோரின் விகிதம் 40. கைப்பேசி வழி வந்தோரின் விகிதம் 70. அம்மையாரின் கைப்பேசியிலேயே ஒரு பையின் பக்கத்தைத் திறந்தோம். படம் தோன்றுவதற்குள் அவர் இருமுறை என் முகத்தைப் பார்த்தார். நல்ல கேமராவில் எடுத்த படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். தம்பி மகன் இரண்டு மாலைகளில் எல்லாப் படங்களையும் சுருக்கி ஏற்றினான். செலவு ஏதுமில்லை. கைப்பேசி வழி விகிதம் அடுத்த சில வாரங்களில் இறங்கத் தொடங்கியது. கடன் விண்ணப்பத்தை நாங்கள் நிராகரிக்கவில்லை. அம்மையாரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

“அப்போது 19 என்று இருந்தது பொய்யா சார்?” என்று கிளம்பும்போது மீண்டும் ஒருமுறை கேட்டார். ஆம் என்றேன். தளம் சரியாகிவிட்ட மகிழ்ச்சியைவிட, அந்த 19 போய்விட்ட வருத்தமே அவர் முகத்தில் கூடுதலாகத் தெரிந்தது. நல்ல செய்தி என்று நம்பியிருந்த எண்ணைக் கைவிடுவது எவருக்கும் எளிதன்று.

உயர்ந்த பவுன்ஸ் எப்போதும் தீங்கா?

அன்று. கடையின் தொலைபேசி எண் அறிய வந்தவர், ஐந்து நொடியில் எண்ணைக் கண்டு அழைத்துவிட்டால் அவருடைய வேலை முடிந்தது, கடைக்காரருக்கும் ஆதாயம். அனலிடிக்ஸ் மட்டும் அதைப் பவுன்ஸ் என்று எழுதும். தொலைபேசி எண்ணைத் தொடுதல், வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துதல் முதலிய பயனுள்ள செயல்களை முக்கிய நிகழ்வாகப் பதிவு செய்யச் சொன்னால் இக்குறை நீங்கும். அவ்வாறு செய்த நாளிலிருந்து விகிதம் இறங்கும்; அந்த இறக்கமும் எண்ணும் முறையால் வந்ததே என்பதை நோட்டில் குறித்துவைக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களுக்குச் சில அறிவுரைகள்

அனலிடிக்ஸ் கணக்கு தங்கள் பெயரில், தங்கள் மின்னஞ்சலில் இருத்தல் வேண்டும். பராமரிப்போருக்கு அவர்களுடைய மின்னஞ்சலுக்கு உரிய அளவில் அனுமதி வழங்கினால் போதும். பார்வையிட மட்டும் அனுமதிக்கும் வசதியும் உண்டு. நெட்பேங்கிங் கடவுச்சொல்லைப் போலவே இதன் கடவுச்சொல்லையும் எவரிடமும் பகிர வேண்டாம்.

ஜிஏ4 இலவசப் பதிப்பில் விரிவான ஆய்வுக்கான தரவுகள் தொடக்க அமைப்பின்படி 2 மாதம் மட்டுமே வைக்கப்படும். நிர்வாகப் பகுதியில் அதனை 14 மாதமாக மாற்றிக்கொள்ளலாம். சென்ற ஆண்டுப் பண்டிகையோடு ஒப்பிட விரும்புவோர் இதை இன்றே செய்வது நல்லது. மாற்றுவதற்கு முன் அழிந்தவை திரும்பா.

சுருக்கம்

1. நாள்வாரி வரைபடத்தில் மாறிய நாளையும் மாற்றத்தின் வடிவத்தையும் காண்க.
2. நிகழ்நேர அறிக்கையைக் கொண்டு மூவகைப் பக்கங்களிலும் டேக்கைச் சோதிக்க.
3. வழி, நுழைவுப் பக்கம், கருவி, ஊர் என நான்காகப் பிரித்துப் பார்க்க.
4. மாறிய பிரிவின் பக்கத்தை அப்பிரிவினரின் கருவியிலேயே திறந்து பார்க்க.
5. விகிதத்தை வருகை எண்ணிக்கையோடும் விற்பனையோடும் சேர்த்தே படிக்க.
6. கண்ட காரணத்தைத் தேதியிட்டு ஒரே வரியில் எழுதிவைக்க.

பயிற்சி

ஒரு தளத்தின் பவுன்ஸ் விகிதம் ஒரே நாளில் 50இலிருந்து 30 ஆக இறங்கியது. அதே நாளில் மொத்த வருகையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விற்பனை மாறவில்லை. உரிமையாளர் மகிழ்ச்சியடையலாமா? மூன்று வாயில்களுள் எதை முதலில் திறந்து பார்ப்பீர்கள்? இரண்டாம் படியை மீண்டும் ஒருமுறை படித்தால் விடை புலப்படும்.

ஆறாவதாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் நாம் தேடிய ரிட்டர்ன் மெமோ. தளத்திற்காகச் செலவிடவோ கடன் பெறவோ எண்ணும் வாடிக்கையாளர்கள் அந்த வரியை எழுதி எடுத்துக்கொண்டு கிளைக்கு வருவார்களாயின், கடன் அலுவலரின் வேலையும் எளிதாகும். தேவையற்ற தவணையும் தலையில் ஏறாது.